பழைய ரைபிள், புதிய டிரிகர்: மூன்றரை பவுண்டில் முடிந்த ஒரு தேர்வு

பின்னணி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வடபகுதியில் இருக்கும் ஒரு சிறிய ரைபிள் கிளப்பில் நடந்தது இது. அங்கே சுடுதளப் பொறுப்பாளர்களில் நானும் ஒருவன். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் சொல்லாமல் எழுதுகிறேன்.

பெரியவர் எழுபதைத் தாண்டியவர், பால்பண்ணை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் இருந்தது 1970களில் செய்த ரெமிங்டன் 700, 30-06 தோட்டாவுக்கானது. 1980களில் யாரிடமிருந்தோ செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதற்கு முன்னால் எத்தனை கை மாறியது என்று அவருக்கே தெரியாது. இருபது ஆண்டுக்கு மேல் அந்த ரைபிளோடுதான் மான்வேட்டைக்குப் போனார். பிறகு முழங்கால் வலி வந்து அலமாரியில் வைத்துவிட்டார்.

இப்போது பதினாறு வயதுப் பேத்திக்கு அதைக் கொடுக்க வேண்டும். விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பாதுகாப்புப் படிப்பை முடித்த பிறகுதான் தனியாக உரிமம் வாங்க முடியும். பேத்தி அதை முடித்துவிட்டாள். நவம்பரில் தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் துப்பாக்கி மான்வேட்டைக் காலம் இரண்டு மாதத்தில் வரவிருந்தது.

பெரியவர் கேட்டது இரண்டு. பழைய டிரிகரைப் பற்றிக் கெட்ட பேச்சு காதில் விழுகிறது, அதனால் மாற்ற வேண்டும். ஆனால் இப்போது இருப்பது போலவே 'தொட்டால் போதும்' என்ற இலகுவில் இருக்க வேண்டும். நூறு கெஜத்தில் பேத்தியின் குண்டுகள் சிதறுவதால் இன்னும் லேசாக இருந்தாலும் நல்லது என்று நினைத்தார். பந்தயக்காரர்கள் வைத்துக்கொள்ளும், அவுன்ஸ் கணக்கில் இழுவை (டிரிகர் விடுபட விரல் கொடுக்க வேண்டிய விசை) உள்ள ஒரு டிரிகரின் விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்து வந்திருந்தார்.

அந்தக் கெட்ட பேச்சு எதைப் பற்றியது

ரெமிங்டன் பொறியாளர் மைக் வாக்கர் வடிவமைத்த டிரிகரோடு ரெமிங்டன் 700 வந்தது 1962இல். அதே வடிவமைப்பு அதற்கு முந்தைய 721, 722 மாடல்களிலும் இருந்தது. இதில் விரல் தொடும் டிரிகருக்கும், ஃபயரிங் பின்னை (தோட்டாவின் பின்புறத்தில் அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) தடுத்து நிறுத்தும் சியருக்கும் நடுவே கனெக்டர் என்ற மெல்லிய துண்டு ஒன்று உண்டு. அது டிரிகரோடு ஒட்டப்பட்டதல்ல, அதன்மேல் சாய்ந்து நிற்பது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது டிரிகரைவிட்டு விலகித் திரும்ப வந்து உட்கார வேண்டும். அந்த இடைவெளியில் அழுக்கோ உறைந்த எண்ணெயோ புகுந்தால் அது முழுதாகத் திரும்பாது, சியர் விளிம்பில் தொங்கி நிற்கும் என்பதுதான் வழக்குகளில் வைக்கப்பட்ட வாதம். வடிவமைப்பில் குறை இல்லை என்றே நிறுவனம் தொடர்ந்து சொல்லிவந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. 1982 வரை வந்த ரைபிள்களில் சேப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டால் போல்ட்டும் (தோட்டா அறையைத் திறந்து மூடும் துண்டு) பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் சேப்டியை 'சுடு' பக்கம் தள்ளியே ஆக வேண்டும். 2000 அக்டோபரில் மொன்டானாவில், வேட்டை முடிந்து தோட்டாவை இறக்கும் அந்த நொடியில் ரைபிளிலிருந்து குண்டு பாய்ந்து ஒன்பது வயதுச் சிறுவன் இறந்தான். பின்னர் தொடரப்பட்ட கூட்டு வழக்கில் டிரிகர்களை இலவசமாக மாற்றித்தர உடன்பாடு ஏற்பட்டு, மிசூரியில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2017இல் அதை ஏற்றது. விண்ணப்பிக்கும் கெடு 2020 ஏப்ரலில் முடிந்துபோனது. பெரியவருக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருந்ததே தெரியாது.

2006க்குப் பிறகு வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகரில் கனெக்டர் இல்லை. அதுவும் 2014 ஏப்ரலில் திரும்ப அழைக்கப்பட்டது. காரணம் வேறு: பொருத்தும்போது பசை அதிகமாகிவிட்டிருந்தது. பெரியவரின் ரைபிள் அதற்கெல்லாம் முந்தையது.

மேசைமேல் பார்த்தது

தோட்டா எதுவும் இல்லை என்று இருவர் தனித்தனியாகப் பார்த்த பிறகு, தோளில் வைத்துப் பிடிக்கும் மரக்கட்டையிலிருந்து ரைபிளைக் கழற்றினோம். ஊரிலிருக்கும் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவரும் கூட இருந்தார். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள மனிதர், அதிகம் பேச மாட்டார்.

டிரிகர் கூட்டின் பின்பக்கத் திருகைப் பார்த்ததுமே அவர் விரலை அதன்மேல் வைத்துக் காட்டினார். சியர் எவ்வளவு ஆழம் பிடித்து நிற்க வேண்டும் என்பதை அந்தத் திருகுதான் தீர்மானிக்கிறது. தொழிற்சாலையில் அதன்மேல் ஒரு சொட்டு அரக்கு வைத்து முத்திரையிடுவார்கள். இதில் அரக்கு இல்லை, திருகின் பிளவு சிதைந்திருந்தது. யாரோ ஸ்க்ரூடிரைவர் போட்டுத் திருகியிருக்கிறார்கள். முன்பக்கம் இருக்கும் இரண்டு திருகுகளும் (ஒன்று இழுவை எடைக்கு, மற்றது டிரிகர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு) அப்படியே நகர்த்தப்பட்டிருந்தன. கூட்டுக்குள் பழுப்பு நிறத்தில் எண்ணெய் பிசின்போல் இறுகிக் கிடந்தது.

இழுவை மானியில் அளந்தால் ஒன்றரைப் பவுண்டில் ஒரு முறை விடுபட்டது, அடுத்த முறை இரண்டே முக்காலில். வேட்டை ரைபிள்களின் டிரிகர்கள் பெரும்பாலும் இதைவிடக் கனமாகத்தான் தொழிற்சாலையிலிருந்து வரும். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். சராசரி குறைந்திருந்ததைவிட, ஒவ்வொரு இழுப்புக்கும் அளவு மாறியதுதான் எங்களைக் கவலைப்படுத்தியது.

அடுத்து, கட்டையில் திரும்பப் பொருத்தி அதிர்வுச் சோதனை. ரைபிள் காலி. போல்ட்டை மூடி, சேப்டியை எடுத்துவிட்டு, கட்டையின் அடிப்பகுதியை ரப்பர் சுத்தியலால் தட்டினோம். 'டக்' என்று ஃபயரிங் பின் விழுந்தது. யாரும் டிரிகரைத் தொடவில்லை. போல்ட்டை வேகமாக அடித்து மூடியபோதும் ஒருமுறை விழுந்தது.

பெரியவர் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "இருபது வருஷமா இதைத்தான் வெண்ணெய் மாதிரின்னு சொல்லிட்டிருந்தேன்" என்பதே பிறகு அவர் சொன்னது. அந்த இலகு, நல்ல வேலைப்பாட்டால் வந்ததல்ல. சியர் நுனியில் மட்டும் பிடித்து நின்றதால் வந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: நாங்கள் பார்த்த கோளாறுக்கு முந்தைய யாரோ திருகியதும் பல ஆண்டு எண்ணெயும் போதுமான காரணம். வடிவமைப்பு பற்றிய பெரிய வழக்குக்கு இந்த ரைபிள் சாட்சி ஆகாது.

பேத்தியின் சிதறலையும் தனியாகப் பார்த்தோம். அவள் சுடும்போது, தோட்டா இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாதபடி நடுநடுவே தோட்டா அறையைக் காலியாக வைத்துக் கொடுத்தோம். காலி அறையிலும் குழல் முனை சட்டென்று கீழே குத்தியது. சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதைக்குப் பயந்து உடல் முன்கூட்டியே அதிர்கிறது. டிரிகரை எவ்வளவு லேசாக்கினாலும் இது போகாது. உதை குறைந்த தோட்டாவும், கட்டையின் அடியில் நல்ல ரப்பர் பட்டையும், சிறு தோட்டா போடும் பாயிண்ட் 22 ரைபிளில் சில வாரப் பயிற்சியும் என்று அதற்குத் தனி வழி வகுத்தோம்.

சுத்தம் செய்வதா, மாற்றுவதா

கழுவி, திருகுகளைத் திரும்ப அமைத்து, அரக்கு வைத்தால் பழைய டிரிகரே ஓடும். கன்ஸ்மித் அதைச் செய்யக்கூடியவர்தான். ஆனால் சியர் நுனியில் நின்று நின்று விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. பிரித்தாலும் மாற்றுத் துண்டுகள் தேட வேண்டும். வேட்டைக்கான நல்ல மாற்று டிரிகர் அப்போது 150 டாலரை ஒட்டிக் கிடைத்தது. இதில் யாருக்கும் தயக்கம் இல்லை: மாற்றுவது.

அமெரிக்காவில் போல்ட் ரைபிளின் டிரிகர் தனிக் கட்டுப்பாடு இல்லாத உதிரிபாகம், தபாலில் வாங்கி வீட்டிலேயே மாட்டலாம். இதைப் படிக்கும் இந்திய வாசகர்கள் அதை இந்தியாவுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும்.

எந்த டிரிகர்

இந்தப் பகுதியில்தான் நேரம் போனது.

ரெமிங்டன் 700க்கு இருக்கும் அளவுக்கு மாற்று டிரிகர்கள் வேறு எந்த போல்ட் ரைபிளுக்கும் இல்லை என்றே சொல்லலாம். ஜுவல் போன்றவை அவுன்ஸ் கணக்கில் இறங்கும். மேசைமேல் ரைபிளை வைத்துச் சுடும் பந்தயக்காரர்கள் விரும்புவது அது. அங்கே கையுறை கிடையாது, ஏணி கிடையாது, சுடுபவர் குறிபார்த்து உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டையே மூடுவார். பெரியவரின் கத்தரித்த விளம்பரம் இந்த வகை. பேத்தியோ பனியில் மரத்துப்போன விரலோடு, தடித்த கையுறையோடு, மரத்தில் கட்டிய மேடையில் மணிக்கணக்கில் உட்காரப்போகிறவள். எனவே அதை முதலிலேயே ஒதுக்கினோம்.

இரட்டை நிலை டிரிகர் பற்றியும் பேச்சு வந்தது. அதில் முதலில் கொஞ்சம் தூரம் லேசாக வந்து, ஒரு சுவரில் முட்டி, பிறகு விடுபடும். புதிதாகப் பழகுபவருக்கு அது நல்லது என்பது என் கருத்து. முட்டும் இடம் ஓர் எச்சரிக்கை. ஆனால் தடித்த கையுறைக்குள் அந்தச் சுவர் சரியாகத் தெரியாது என்றார் கன்ஸ்மித். தாத்தாவும் பேத்தியும் பயிற்சி எடுக்கும் பாயிண்ட் 22 ரைபிளும் ஒற்றை நிலைதான். இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கடைசியில் நின்றவை டிம்னியும் டிரிகர்டெக்கும். டிம்னி அரிசோனாவின் ஃபீனிக்ஸிலிருந்து வருவது, 1946 முதல் இருக்கும் பெயர். டிரிகர்டெக் கனடாவுடையது. இரண்டிலும் கனெக்டர் கிடையாது. இரண்டின் வேட்டை மாடல்களும் ஒன்றரை முதல் நான்கு பவுண்டு வரை அமைத்துக்கொள்ளக்கூடியவை. தரத்தில் ஒன்றை மற்றதற்குக் கீழே வைக்க என்னிடம் காரணம் இல்லை.

தீர்மானித்தது ஒரு திருகு. டிம்னியின் அந்த மாடலில் எடையோடு சியர் பிடிப்பையும் பயனரே திருகி மாற்றலாம். தெரிந்தவருக்கு அது வசதி. இந்தக் குடும்பத்துக்கோ அந்தத் திருகால் வந்த வினை கண்முன்னே மேசையில் கிடந்தது. டிரிகர்டெக்கின் பிரைமரி மாடலில் எடையை மட்டுமே மாற்ற முடியும், சியர் பிடிப்புக்கு வெளியே திருகு இல்லை. நாளை இந்த ரைபிள் யார் கைக்குப் போனாலும் இழுவையை ஒன்றரைக்குக் கீழே கொண்டுபோக முடியாது என்பது பெரியவருக்கே பிடித்திருந்தது. டிரிகருக்கும் சியருக்கும் நடுவே உருளை ஒன்று சுழல்வதால் உரசல் குறைவு, எண்ணெய் போட வேண்டிய தேவையும் இல்லை. எண்ணெய் இறுகியதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆர்டர் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது: ரெமிங்டன் 700 டிரிகர்கள் வலக்கை, இடக்கை என்றும், போல்ட்டை விடுவிக்கும் தாழ் உள்ளது, இல்லாதது என்றும் தனித்தனியாக வருகின்றன. பழைய 700இல் அந்தத் தாழ் டிரிகர் கூட்டோடுதான் சேர்ந்திருக்கிறது. தாழ் இல்லாததை வாங்கிவிட்டால் போல்ட்டைக் கழற்ற வழியில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். எங்களுக்கு வேண்டியது வலக்கை, தாழ் உள்ளது. விரல்படும் பகுதி தட்டையா வளைவா என்பதில் வளைவைப் பேத்தி தேர்ந்தெடுத்தாள். கையுறையோடு விரல் ஒரே இடத்தில் போய் உட்காருகிறதாம்.

பொருத்தியதும், எடை முடிவானதும்

இரண்டு ஊசிகளைத் தட்டி எடுத்தால் பழைய டிரிகர் இறங்கிவிடும். போல்ட்டைப் பின்னால் நிறுத்தும் துண்டும் அதன் சின்ன ஸ்பிரிங்கும் அதே ஊசியை நம்பித்தான் நிற்கின்றன. தெரியாமல் தட்டினால் ஸ்பிரிங் பறந்துபோய் மேசைக்கடியில் தேட வேண்டியிருக்கும். கன்ஸ்மித் ஒரு துணியை மேலே போட்டுவிட்டுத் தட்டினார்.

மரக்கட்டையில் திரும்ப வைத்தபோது புதிய சேப்டியின் கைப்பிடி மரத்தில் லேசாக உரசி, 'பூட்டு' நிலைக்கு முழுதாக வராமல் நின்றது. கட்டையைக் கழற்றிய நிலையில் மட்டும் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்காது. மரத்தைக் கொஞ்சம் சுரண்டியதும் சரியானது. சேப்டி போட்டு டிரிகரைப் பலமாக இழுத்து, விட்டு, பிறகு சேப்டியை எடுத்தபோது ஃபயரிங் பின் அசையவில்லை. போல்ட்டை அடித்து மூடினோம், அசையவில்லை. புதிய டிரிகரில் சேப்டி போட்டிருக்கும்போதே போல்ட்டைத் திறக்க முடிகிறது என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிலைக் கழகம் வைத்திருக்கும் அதிர்வுச் சோதனையில் சேப்டியை எடுத்த நிலையில் 12 அங்குல உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பின்மேல் விழவிடுவார்கள். சேப்டி போட்ட நிலையில் நான்கு அடியிலிருந்து விழவிடும் இன்னொரு சோதனையும் உண்டு. அவை ஆய்வகத்தில் செய்பவை. நாங்கள் ரப்பர் சுத்தியலோடும், சிறு உயரத்திலிருந்து கட்டையின் அடியை விரிப்பில் போடுவதோடும் நிறுத்திக்கொண்டோம். இரண்டு பவுண்டு அமைப்பில்கூட டிரிகர் விடவில்லை.

பெரியவருக்கு அது போதும். இரண்டு பவுண்டிலும் பத்திரமாக நிற்கிறதே, அப்படியே விட்டுவிடலாம் என்றார். இயந்திரத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

கன்ஸ்மித் வேறொன்று செய்தார். பேத்தியின் வேட்டைக் கையுறையைக் கொண்டுவரச் சொல்லி, அவள் கைகளைப் பனிக்கட்டிப் பொட்டலத்தில் சிறிதுநேரம் வைத்திருக்கச் செய்து, பிறகு கையுறையை மாட்டச் சொன்னார். காலி ரைபிளைக் கொடுத்து, "டிரிகர் விரலில் பட்டது தெரிந்ததும் 'ஆச்சு' என்று சொல், இழுக்காதே" என்றார். இரண்டு பவுண்டில் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஃபயரிங் பின் விழுந்தது. திரும்பச் செய்தாலும் அதேதான். மூன்றில் சில முறை முந்திக்கொண்டது, சில முறை இல்லை. மூன்றரையில் அவள் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு, பிறகு இழுத்தாள்.

பெரியவர் தன் கையையும் குளிரவைத்துச் செய்து பார்த்தார். அவர் விரலும் இரண்டில் தோற்றது. அதற்குப் பிறகு வாதம் இல்லை. மூன்றரை.

நவம்பர் தொடக்கத்தில் ரைபிளை ஒரு ராத்திரி முழுக்கச் சூடாக்காத மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்து, விடிகாலையில் அங்கேயே அளந்தோம். கொட்டகைக்குள் உறைநிலைக்குக் கீழே இருந்தது. இழுவை மாறவில்லை.

வேட்டைக் காலமும் அதற்குப் பிறகும்

நூறு கெஜத்தில் பேத்தியின் குண்டுகள் முன்பைவிட நெருங்கி விழுந்தன. இதில் டிரிகரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். உதை குறைந்த தோட்டாவும் பயிற்சியும் கூடவே வந்தன. என் ஊகம், பெரும்பங்கு அவற்றுடையது. குழல் பழைய குழல்தான். டிரிகர் செய்வது, குழல் தரக்கூடியதைச் சுடுபவரின் விரல் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்.

முதல் வார இறுதியில் அவள் ஒரு பெண்மானை வீழ்த்தினாள். தூரம் எண்பது கெஜத்துக்குள், ஒரே குண்டு. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவள் சொன்ன இன்னொன்று. அந்தக் காலையில் புதரில் அசைவு தெரிந்து, சேப்டியை எடுத்து, விரலையும் வைத்துவிட்டாள். வெளியே வந்தது ஆரஞ்சுச் சட்டை போட்ட பக்கத்து நிலத்துக்காரர். விரலை எடுத்து, சேப்டி போட்டுவிட்டு, பிறகு அழுதாளாம். இலக்கு உறுதியாகும் வரை விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது அவள் படித்த படிப்பின் அடிப்படை விதி, அதை அவள் மீறினாள். இரண்டு பவுண்டாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெரியவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. டிரிகர் எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்த விதிக்கு ஈடாகாது என்பதால், வேட்டைக் காலம் முடிந்ததும் அதை மட்டும் வைத்து அவளுக்குக் காலி ரைபிளோடு தனிப் பயிற்சி கொடுத்தோம்.

அடுத்த ஆண்டு அவளே மெல்லிய கையுறையும் கைசூட்டுப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு வந்து, மூன்று பவுண்டுக்கு இறக்கக் கேட்டாள். அதே குளிர்விரல் சோதனையில் இம்முறை ஒவ்வொரு தடவையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் இழுத்தாள். மூன்றுக்கு இறக்கினோம்.

மாற்றிக்கொண்டவை

பழைய டிரிகரை விற்கவோ, 'யாருக்காவது உதவும்' என்று டப்பாவில் போடவோ கூடாது என்று கன்ஸ்மித் பிடிவாதமாக இருந்தார். அவர் பட்டறையிலேயே வைஸில் பிடித்து வெட்டிப்போட்டார். இனி கிளப்பில் கழற்றும் கோளாறான டிரிகர்களுக்கும் அதுவே வழக்கம்.

கட்டையில் பொருத்திய பிறகே சேப்டியை இறுதியாகச் சோதிப்பது, எடையைச் சூடான அறையில் வெறுங்கையால் அல்லாமல் வேட்டைக்கு அணியும் கையுறையோடு முடிவு செய்வது, அமைத்த எடையையும் தேதியையும் சீட்டில் எழுதித் துப்பாக்கிப் பெட்டியில் ஒட்டுவது ஆகியவை எங்கள் நடைமுறையில் சேர்ந்துவிட்டன. பரம்பரையாகவோ செகண்ட் ஹேண்டாகவோ வந்த ரைபிளை முதல்முறை கொண்டுவருபவரிடம், சுடுவதற்கு முன்னால் அதிர்வுச் சோதனைக்குச் சம்மதம் கேட்கிறோம். சிலர் மறுக்கிறார்கள். முப்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே என்பதுதான் அவர்கள் வழக்கமாகச் சொல்வது. கட்டாயப்படுத்த கிளப் விதியில் இடம் இல்லை. அடுத்த பொதுக்குழுவில் அந்த விதியைத் திருத்தும் தீர்மானத்தைக் கொண்டுவரப்போகிறவர் பெரியவர்.